இருளாயியின் முதல் வேட்டை

தம்பின்
11 மார்ச் 2024

ரோகினி அவர்களுக்கு வணக்கம்.

"இருளாயி" முதல் இதழைப் படித்தேன். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் யாரோ அதை நாற்காலியில் மறந்து விட்டுப் போயிருந்தார்கள். எனக்குப் படக்கதை படிக்கும் பழக்கமில்லை. மதியம் யாரும் வராததால் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், கையால் எழுதி அனுப்பும் வாசகர்களுக்குப் பதில் போடுவதாகச் சொல்லி முகவரி கொடுத்திருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

படங்கள் உயிரோடு இருக்கின்றன. பேய் வேட்டைக்காரி என்றதும் கோட்டையும் வாளும் இருக்கும் என்று நினைத்தேன். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அரிவாளோடு ஒரு தோட்டத்துப் பெண்ணை நிறுத்தியிருக்கிறீர்கள். அவளுடைய ஒன்பதாவது வயதில் நடந்த முதல் வேட்டைதான் இந்த இதழின் கதை என்பதும் புரிந்தது. சாக்குப்பேயன் மோட்டார் சைக்கிளில், தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு வருகிறான், பிள்ளைகளைக் கூப்பிடுகிறான், அவன் முகம் பேய்முகம் என்பது இருளாயிக்கு மட்டும் தெரிகிறது. அவள் காட்டிக்கொடுத்ததும் ஊரே சேர்ந்து அடிக்கிறது. பத்தொன்பதாம் பக்கத்தில் செம்பனை மட்டையின் முள் அவன் கண்ணில் இறங்கும் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சில சந்தேகங்கள். இது எந்தத் தோட்டம்? பேய் எதற்காக ஒரு பழைய கப்சாய் மோட்டாரில் வருகிறது? ஏழாம் பக்கத்தில் மோட்டாரின் நம்பர் தெளிவாகத் தெரிகிறது: 4172. அந்த நம்பர் எப்படிக் கிடைத்தது?

நேரமிருந்தால் பதில் எழுதுங்கள்.

விமலா


செண்டாயான்
20 மார்ச் 2024

அன்புள்ள விமலா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன்! இதழ் வந்து இரண்டு மாதமாகிறது. போனில் இதயமும் கட்டைவிரலும் அனுப்புகிறார்கள். மோட்டார் நம்பரைக் கவனித்து, பேனா பிடித்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். படம் வரைகிறவளுக்கு இப்படி ஒரு வாசகர் போதும்.

இரகசியத்தைச் சொல்கிறேன். அது உண்மைக் கதை. அந்த இருளாயி நான்தான்.

கோலா சாவாவுக்கு உள்ளே கிரேன்மோர் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது அதை விற்று, வீடுகள் கட்டிவிட்டார்கள். என் அப்பா இராஜமாணிக்கம் அங்கே மண்டோர், வேலைக்காரர்களை மேய்ப்பவர். 1998ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. அப்போது எல்லாத் தோட்டத்திலும் ஒரே பேச்சு. "எங்கயோ பாலம் கட்டுறானுங்களாம்லா, தூணு நிக்கலையாம், பிள்ளைங்க தல வேணுமாம்." அம்மாக்கள் எங்களை வெளியே விடவே மாட்டார்கள்.

அந்த நேரத்தில் ஒரு ஆள் வருவான். மோட்டாரின் இரண்டு பக்கமும் சாக்கு தொங்கும். பச்சை மழைக்கோட்டு. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை பக்கத்தில் நிறுத்திவிட்டு, "பழசு இருக்கு, புதுசு இருக்கு, ஓடியா ஓடியா" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவான். பிள்ளைகள் ஓடுவார்கள். நான் மட்டும் தள்ளியே நிற்பேன். ஒருநாள் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: "அந்த மாமா என்னைய சாக்குல ஏற சொன்னாரும்மா." அவ்வளவுதான்! பெரட்டுத் திடலில், காலையில் ஆள் கணக்கு எடுப்பார்களே அங்கே, அப்பாவும் ஐந்தாறு பேரும் அவனைப் பிடித்துக் கட்டி நல்ல பாடம் கொடுத்தார்கள். மோட்டார் நம்பரை நாங்கள் பாட்டாகவே பாடுவோம், அதனால் மறக்கவில்லை. கண்ணில் முள் இறங்கியதும் நான் பார்த்ததுதான். அந்த ஒலியை எப்படி வரைவது என்று மூன்று வாரம் திண்டாடினேன்.

அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார்கள். ஒரு வீட்டில் கேசரி, ஒரு வீட்டில் வளையல். ஒன்பது வயதில் ஒருத்திக்கு வேறென்ன வேண்டும்? என் இருளாயி அங்கே பிறந்தாள்.

இதழ் வந்துவிட்டாலும் முறையான வெளியீட்டு விழாவை மே 19ஆம் தேதிதான் சிரம்பானில் வைக்கிறோம். கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்
ரோகினி


தம்பின்
2 ஏப்ரல் 2024

ரோகினி,

நான் உங்களுக்கு முழுப் பெயரைச் சொல்லவில்லை. விமலா நல்லசாமி.

எங்கள் வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. கப்சாய் மோட்டாரின் முன்னால் பிரம்பு நாற்காலி கட்டி, அதில் இரண்டு வயதுப் பிள்ளையாக நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் என் அப்பா சிரிக்கிறார். நம்பர் 4172. அந்த நம்பரை உங்கள் படத்தில் பார்த்துத்தான் கடிதம் போட்டேன். பழைய மோட்டாரை எங்கேயோ பார்த்து வரைந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அது இப்போது இருக்கும் இடம் தெரிந்தால் அப்பாவிடம் சொல்லலாமே என்றுதான் கேட்டேன். நீங்கள் அதைவிட அதிகமாகச் சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் பேய்க்குப் பெயர் நல்லசாமி. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படக்கதைப் புத்தகம் வாடகைக்குக் கொடுத்தவர். சாக்கில் இருந்தது புத்தகம்.

எனக்கு ஆறு வயது. ஒருநாள் அப்பா வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். ஒரு கண் இல்லை. வலது கையில் மூன்று விரல் மடங்காது. "மோட்டார் எக்சிடென்" என்றார். ரந்தாவ் ரோட்டில் மழையில் வழுக்கிவிட்டதாம். இருபத்தாறு வருடமாக நான் அப்படித்தான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் யாராவது "ஒங்கப்பா ஏன் ஒத்தக் கண்ணு" என்று கேட்டால் ரந்தாவ் ரோட்டைச் சொல்வேன். அம்மா இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜோகூருக்கு வேறு ஆளோடு போய்விட்டாள். அப்பா ஒரு மரப்பட்டறையில் காவலுக்கு உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார். இனிப்புநீர் நோய் வந்து நான்கு வருடத்துக்கு முன் மற்றக் கண்ணும் போய்விட்டது.

கேசரி சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இனிப்பாக இருந்ததா?

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சாக்குக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

விமலா


செண்டாயான்
15 ஏப்ரல் 2024

விமலா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் சிலவற்றை நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு சொல் சொன்னால் விசாரிக்க வேண்டியது பெரியவர்கள். அடித்தது நானல்ல. என் அப்பா இறந்து பதினொரு வருடமாகிறது. அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது. அந்தக் காலத்தில் எல்லோரும் பயந்து கிடந்தார்கள். இப்போது நீங்கள் கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பயத்தை அளக்க முடியாது.

இன்னொன்று. உங்கள் அப்பா எத்தனையோ தோட்டத்துக்குப் போயிருப்பார். எல்லா இடத்திலும் எப்படி நடந்துகொண்டார் என்று நீங்கள் பார்த்தீர்களா? தவறே செய்யாதவர் போலீசுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சொந்த மகளிடமே மோட்டார் விபத்து என்று பொய் சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவரைக் கேளுங்கள். என்னை ஏன் கேட்கிறீர்கள்?

கதை என்பது கதை. மறுபதிப்பில் மோட்டார் நம்பரை எடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வேறு ஏதாவது இருந்தால் வாட்சாப்பில் அனுப்புங்கள். கடிதம் வேண்டாம். வீட்டில் என் கணவர் பிரித்துப் பார்க்கிறார்.

ரோகினி


தம்பின்
24 ஏப்ரல் 2024

ரோகினி,

வாட்சாப்பில் எழுதினால் நீ அழித்துவிடுவாய். உன் கையெழுத்து எனக்கு வேண்டும். உன் கணவர் பிரித்துப் பார்ப்பது நல்லதுதான்.

அப்பாவைக் கேட்கச் சொன்னாய். கேட்டேன். காலையில் பசியாறிக்கொண்டிருந்தார். ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துக் கொடுத்தபடியே கேட்டேன்.

"அப்பா, கிரேன்மோர் எஸ்டேட்டுக்கு நீங்க போயிருக்கீங்களா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. "யாரு சொன்னா?"

"அங்க ஒங்கள அடிச்சாங்களா?"

கோப்பிக் கிளாசைத் தடவித் தடவி மேசையில் வைத்தார். "பழைய கத எதுக்கு இப்ப?"

"ஏன் போலீசுக்குப் போகல?"

"போனா அந்தப் பிள்ளையத்தான கூப்பிட்டு வச்சிக் கேப்பானுங்க. சின்னப் பிள்ள. அது என்னா பண்ணுச்சி? ஒரு பொஸ்தகத்த எடுத்து சட்டைக்குள்ள வச்சிச்சி. நான் பாத்தேன். படிக்கத்தான எடுக்குதுன்னு சும்மா இருந்துட்டேன். அப்பவே கேட்டு வாங்கிருந்தா அதுக்கு அந்தப் பயம் வந்திருக்காது. எந் தப்புதான்."

எந் தப்புதான். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ரோகினி. நீ "எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்தீர்களா" என்று எழுதிய ஆளைப் பற்றித்தான். நீ திருடியதை அவர் பார்த்தார். இருபத்தாறு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். அது மலிவு. நீ வர வேண்டும். அவருக்குக் கண் தெரியாது. "எவனாவது படம் பாத்துச் சொன்னா நல்லாருக்கும்" என்று அடிக்கடி சொல்வார். நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உன் முதல் இதழை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை, கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும். மழைக்கோட்டைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் பக்கத்தைச் சொல்ல வேண்டும். உன் வாயால். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

வராவிட்டால் மே 19ஆம் தேதி நான் அவரைச் சிரம்பானுக்கு அழைத்து வருவேன். முதல் வரிசையில் உட்கார வைப்பேன். அவர் போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். அதற்குப் பிறகு நீ பேசு.

விமலா


செண்டாயான்
3 மே 2024

விமலா,

வருகிறேன். 11ஆம் தேதி சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. நான் யார் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். படம் வரைகிற ஒருத்தி என்று மட்டும் சொல்லுங்கள். அதையாவது விட்டுக்கொடுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தெரியும். சாக்கில் புத்தகம் மட்டும்தான் இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் தலையைச் சாக்குக்குள் விட்டு மோந்து பார்ப்பேன். நான் எடுத்த புத்தகத்தை அம்மா பாய்க்கு அடியிலிருந்து கண்டுபிடித்துவிட்டாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "எங்கடி திருடுன?" அடி விழப் போகிற நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "அந்த மாமாதான் சும்மா குடுத்தாரு. சாக்குல ஏறுனா இன்னும் தரேன்னாரு." அம்மா கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதற்கு முன் அவள் என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததே இல்லை. அந்த அணைப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அடிக்கும்போது உங்கள் அப்பா என்னைத் தேடிப் பார்த்தார். "பாப்பா, சொல்லும்மா" என்றார். நான் என் அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்றேன். சொல்லவில்லை. பிறகு அவருடைய மோட்டாரிலிருந்தே பெட்ரோல் எடுத்துப் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அந்தப் பக்கத்தை நான் வரையவில்லை. பாதி எரிந்து பறந்து வந்த ஒரு தாளைப் பிடித்து வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் படம் வரையப் பழகினேன்.

இதை உங்களிடம் எழுதியதால் எனக்கு இலேசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் மேல் வெறுப்புத்தான் வருகிறது.

ரோகினி


செண்டாயான்
12 மே 2024

விமலா,

நேற்று நான் கிளம்பும்போது நீங்கள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. கோபம் என்று தெரியும். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

வரும்போது நீங்கள் சொன்னபடியே செய்ய நினைத்துத்தான் வந்தேன். அட்டையைச் சொன்னேன். அரிவாளைச் சொன்னேன். ஏழாம் பக்கம் வந்ததும் அவர் கேட்டார்: "மோட்டார் என்னா கலரும்மா?" இதழ் கறுப்பு வெள்ளை. ஆனால் என் வாய் "நீலங்க ஐயா" என்றது. "அட, நம்ம மோட்டாரும் நீலந்தான்லா" என்று அவர் முகம் மலர்ந்த விதத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதற்குப் பிறகு புத்தகத்தில் இருந்ததை என்னால் சொல்ல முடியவில்லை.

வேறு கதை சொன்னேன். பேய் ஆயாக்கொட்டகைக்கு அடியில் படுத்திருக்கிறது. மோட்டார்க்காரர் சாக்கில் இருந்த புத்தகத்தையெல்லாம் கீழே கொட்டிவிட்டு, பிள்ளைகளைச் சாக்குக்குள் ஒளித்துக் காப்பாற்றுகிறார். ஊர்க்காரர்கள் தப்பாக நினைத்து அவரைச் சுற்றி நிற்கிறார்கள். இருளாயி ஓடி வந்து கையை விரித்துக் குறுக்கே நிற்கிறாள். "ஐயா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறாள். அரிவாளை எடுத்துப் பேயை வெட்டுகிறாள்.

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றார்.

"இல்லங்க ஐயா. மோட்டார ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்குப் போயிட்டாரு."

"வீட்டுக்குப் போயிட்டாரா? நல்லது, நல்லது." பல் தெரியச் சிரித்தார். என் கையைத் தடவிப் பிடித்து, "நல்லாருக்கும்மா. இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். இரண்டாம் முறையும் சொன்னேன். அப்போது "பழசு இருக்கு, புதுசு இருக்கு" என்று அவருடைய ராகத்தையும் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. அவர் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். நான் செய்தது பித்தலாட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அவருக்கு என்ன குறை? சிரித்தார். நீங்கள் கடைசியாக அவரை எப்போது சிரிக்க வைத்தீர்கள்?

ரோகினி


தம்பின்
23 மே 2024

ரோகினி,

சொல்லிவிட்டேன்.

நீ போன மறுநாளே உன் இதழை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நேத்து வந்தவ பொய் சொல்லிட்டுப் போயிட்டா. இப்ப நான் உள்ளத உள்ளபடி சொல்றேன், கேளுங்க" என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை. மழைக்கோட்டு. சாக்கு. கோரைப்பல். எச்சில் ஒழுகும் நாக்கு. கட்டம் கட்டமாகச் சொன்னேன். பத்தொன்பதாம் பக்கத்தில் அவர் கை தானாகவே அந்தக் கண் மேல் போய் மூடிக்கொண்டது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. கையை எடுத்துவிட்டுச் சொன்னேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் கடைசிப் படம்வரை சொல்லி முடித்தேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சி. அவதான் அந்த மண்டோர் மவ. தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும். மொத வாட்டியே கொரல் நடுங்குச்சி. ரெண்டாவது வாட்டி நம்ம ராகத்தப் போட்டுச்சி. கிரேன்மோர் பிள்ளைங்களத் தவிர வேற யாருக்கு அந்த ராகம் தெரியும்?"

"தெரிஞ்சுமா சிரிச்சீங்க?"

"பின்ன? அவ்ளோ தூரத்துலருந்து வந்து உக்காந்து என்னையக் காப்பாத்திட்டுப் போவுது. அன்னிக்கு வாயத் தொறக்காத பிள்ள. சிரிக்கக் கூடாதா?" பிறகு கேட்டார்: "நீ எதுக்கும்மா அத அழிச்ச?"

"உண்மை தெரிய வேணாமா?"

"நான் இருவத்தாறு வருசம் எக்சிடென்னு சொன்னேன். நீ நல்லாத் தூங்குனியா இல்லையா?"

அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினோரு நாளாகிறது. என்னோடு பேசுவதில்லை. இனிப்புநீருக்கு ஊசி போட விடுகிறார், ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறார். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போன வாரம் ஒருமுறை கண் சொருகிவிட்டது. வாயில் சீனித்தண்ணீர் ஊற்றி எழுப்பினேன். எழுந்ததும் கேட்டது, "அந்தப் பிள்ள வந்துச்சா?"

நான் இருபது வயதிலிருந்து அவருக்குச் சமைத்துப் போடுகிறேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்தேன். குளிப்பாட்டுகிறேன். நகம் வெட்டுகிறேன். அவர் உன்னைக் கேட்கிறார்.

உன் விழாவுக்கு நான் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். இனி எந்த விழாவுக்கும் வரமாட்டேன். நம்பரை எடுக்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். சனிக்கிழமை வா. அன்றைக்குச் சொன்ன கதையையே சொல்லு. நான் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

விமலா


செண்டாயான்
31 மே 2024

விமலா,

வர முடியாது.

உங்களைப் பழிவாங்குவதற்காக இல்லை. கொஞ்சம் அதற்காகவும்தான். வெளியீட்டு விழாவில் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. நான் மேடையில் நின்றுகொண்டு முதல் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட எல்லோரும் உங்கள் அப்பாவாகத் தெரிந்தார்கள். நீங்கள் வராமலேயே வந்துவிட்டீர்கள். மறுபதிப்பு அச்சுக்குப் போய்விட்டது. நம்பரை மட்டும் எடுத்தேன். பேயின் முகத்தை மாற்றலாம் என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். வேறு எந்த முகம் போட்டாலும் இதழ் செத்துப்போகிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

அன்று அவருக்கு நான் யாரென்று தெரியாது என்று நினைத்துக் கதை சொன்னேன். எல்லாம் தெரிந்துகொண்டே என் கையைப் பிடித்திருக்கிறார் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். இனி நான் அங்கே வந்து வாயைத் திறந்தால் அது கதையாக இருக்காது. அவர் எனக்குப் போடும் பிச்சையாக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு நான் செண்டாயானுக்குத் திரும்பி வந்து, அடுப்பை மூட்டி, என் மகளுக்குத் தலை வாரிவிட வேண்டும். என்னால் முடியாது. நீங்கள்தான் அதைக் கெடுத்தீர்கள். உண்மை வேண்டும் என்றீர்கள். இப்போது உங்களிடம் இருக்கிறது. அதைத் தின்னக் கொடுங்கள்.

அன்று சொன்னதை ஒரு சொல் விடாமல் எட்டுப் பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ராகம் போட வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். அவர் கேள்வி கேட்கும் இடங்களில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். நீங்களே படியுங்கள்.

ரோகினி


தம்பின்
10 ஜூன் 2024

ரோகினி,

உன் எட்டுப் பக்கத்தையும் கிழித்து எறிய நினைத்தேன். இரண்டு நாள் அரிசி டின் மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் திரும்பவில்லை. மோட்டார் நீலம் என்று படித்ததும் திரும்பினார். நீ கோடு போட்ட இடத்தில் ராகம் போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. அவரே மெல்ல முனகிச் சரிசெய்து கொடுத்தார். என் அப்பாவின் ராகத்தை உன் தாளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்.

ஆறாம் பக்கத்தில் இருளாயி குறுக்கே வந்து நிற்கிறாள். அங்கே "அப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று படித்தேன்.

கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "அந்தப் பிள்ள அப்படிச் சொல்லலியே" என்றார்.

நீ எழுதியிருந்தபடி ஐயா என்று திருத்திப் படித்தேன். அதற்குப் பிறகு ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

விமலா